கதவுக் கொக்கி கையிருப்பில் இல்லை

மாலை ஏழு, ஏழரை இருக்கும். மழைக்காலம்... சீக்கிரமே இருட்டிவிட்டது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் கிடங்குகள். பொழுது சாய்வதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அங்கே ஈ, காக்கை கிடையாது. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்... டொக்... டொக்... கூடவே அவள் செருப்புச் சத்தம்.

இன்னொரு சத்தமும் இருந்தது. காதில் வைத்திருந்த கைபேசியில் ஒரு வயலின் இசை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்... தயவுசெய்து காத்திருக்கவும்." இசை. மறுபடி முக்கியம். மறுபடி இசை.

சிரிக்காதீர்கள். நம் கம்பெனியா என்றும் கேட்காதீர்கள். எல்லாக் கம்பெனிக் கால் சென்டரிலும் அதே வயலின்தான். அதைப் போட்டுவிட்டுத்தானே நாமும் டீ குடிக்கப் போகிறோம்? இப்போது சிஸ்டம் படுத்துக் கிடக்கிறது, கரண்டும் இல்லை, அழைப்பு ஒன்றும் வராது, அதனால் என் உயிரை வாங்கிக் கதை கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். அந்த டார்ச்சை மேசைமேல் கவிழ்த்து வை. புதிதாகச் சேர்ந்தவளே, நீ இப்படி என் பக்கம் நகர்ந்து உட்கார். நடுவில் யாராவது நையாண்டி செய்தால் எழுந்து போய்விடுவேன்.

இது என் பள்ளித் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது. தோழி பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்கிற அளவுக்கு அவளுக்குக் கற்பனையும் கிடையாது. நாத்தனார் ஒரு டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்கிறவள். கணவன் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடல்மேல்தான். வீட்டில் அவள், ஆறு வயது மகள், மாமனார். மகளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள்.

அந்த மாமனார் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆப்பரேட்டராக இருந்தவர். கம்பிக் கதவை இழுத்து மூடுகிற பழைய லிஃப்ட். கதவைத் திற, ஆளை ஏற்று, கதவை மூடு... வாழ்க்கையே அதுதான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. வீட்டில் இருக்கிற கைப்பிடியை எல்லாம் பித்தளை பாலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார். கிட்டே போனால் அந்த வாசனைதான்... கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் புளிப்பு.

மருமகள் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டைத் தட்டில் போட்டு, மைக்ரோவேவில் வைத்துச் சூடு பண்ணித் தருவார். சமையல் மேடையில் வைக்கிற சின்ன மெஷின். அதன் கதவில் மேலும் கீழும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கி இருக்குமே, மூடும்போது உள்ளே போய் "டக்" என்று மாட்டுமே... மேல் கொக்கி ஒருநாள் உடைந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிளாஸ்டிக். அது மாட்டவில்லை என்றால் மெஷின் ஓடாது.

இவள் கம்பெனிக்குப் போன் போட்டாள். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொக்கியைத் தனியாக விற்பதில்லை, கதவையே மாற்ற வேண்டும். கதவு கையிருப்பில் இல்லை. எப்போது வரும்? வந்ததும் சொல்கிறோம். அவளுக்குக் காது புளித்துப் போனது. நகம் அளவு பிளாஸ்டிக்குக்காக ஒரு மனுஷி எத்தனை பேரிடம்தான் கெஞ்சுவாள்?

மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவின் மேல் மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தால் மெஷின் ஓடியது. கையை எடுத்தால் நின்றது.

"மாமா, கதவு சரியா மூடாம ஓட்டக் கூடாது. உள்ள இருக்கறது வெளியில கசியும். முகத்தை அவ்வளவு கிட்ட வேற கொண்டுபோறீங்க."

"ஆயுசு முழுக்கக் கதவு பிடிச்ச கைம்மா இது. நீ போய் முகம் கழுவிட்டு வா. சாப்பாடு சூடா இருக்கும்."

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. தினமும் அப்படியே நின்று, கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். நின்றதும் சாப்பாட்டின் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பார்; ஓரம் சுட்டு நடு சில்லென்று இருந்தால் இன்னொரு தடவை வைப்பார். இவளுக்குக் கோபம் கோபமாக வரும். ஆனாலும் ஒருநாள்கூட அவள் ஆறிய சாப்பாடு சாப்பிட்டதில்லை.

அப்புறம் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மைக்ரோவேவால் இல்லை, அப்படி முழிக்காதே. இதயம். டாக்டரே சொன்னார்.

அதற்கப்புறம் வருவதுதான் நான் முதலில் சொன்ன அந்த மாலை. கிடங்குச் சாலையில் நடந்துகொண்டே கம்பெனிக்குப் போன் போட்டிருந்தாள். வயலின் பாதியில் நின்று, அழைப்பு அறுந்துபோனது. கைபேசியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. கீழ்வீட்டு அம்மாவிடம் விட்டிருந்த சிட்டுவைக் கூட்டிக்கொண்டு மாடியேறினாள். சிட்டு அங்கேயே சாப்பிட்டிருந்தாள். இவளுக்குப் பசி கண்ணை அடைத்தது. காலையில் செய்தது கட்டியாக உறைந்து கிடந்தது. தட்டில் போட்டு, மைக்ரோவேவுக்குள் வைத்து, வேறு வழி இல்லாமல் மாமனார் மாதிரியே மூலையில் கையை வைத்து அழுத்தினாள். ஓடியது.

கைபேசி அடித்தது. கூடத்தில் பைக்குள் கிடந்தது. கம்பெனிக்காரர்களாக இருக்கும், விட்டால் மறுபடி பிடிக்க முடியாது என்று ஓடிப்போய் எடுத்தாள்.

"மேடம், ஸ்பேர் பார்ட்ஸ் விஷயமா கூப்பிட்டிருந்தீங்க."

"ஆமாங்க, கதவு வந்துடுச்சா?"

"செக் பண்ணிச் சொல்றேன் மேடம். பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதே... மெஷின் ஓடிட்டு இருக்கா?"

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. சமையலறையிலிருந்து... ம்ம்ம்ம்ம்...

"மேடம், கொக்கி உடைஞ்ச மெஷினைக் கையால பிடிச்சுக்கிட்டு ஓட்டாதீங்க. ரொம்ப ஆபத்து."

"நான்... நான் பிடிக்கலையே."

"அப்ப யார் மேடம் பிடிச்சிட்டு இருக்காங்க?"

கைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். மெதுவாக எட்டிப் பார்த்தாள். சமையலறையில் ஒருவரும் இல்லை. மெஷினுக்குள் மஞ்சள் வெளிச்சம். தட்டு அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது; மேல் மூலையில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஆவி இல்லை. பித்தளை பாலிஷ் வாசனை... குப்பென்று. மெஷின் "பீப்" என்றது. கதவு தொளதொளவென்று தானாகத் தளர்ந்தது. சாப்பாடு சூடாக இருந்தது.

"அப்பவே தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதானே அக்கா?"

கேட்பாய். நீ ஒண்டியாளாக ஒரு வீட்டை இழுத்துப் பார்த்திருக்கிறாயா? நாள் முழுக்கக் கடையில் முதலாளியிடம் பாட்டு வாங்கிவிட்டு, பேருந்தில் நசுங்கி வீட்டுக்கு வருகிறாள். அவளுக்காக ஒருவர் சாப்பாட்டைச் சூடு பண்ணி வைக்கிறார். அது யாராக இருந்தால் என்ன? முதல் நாள் ஈரக்குலை நடுங்கியது. மறுநாள் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் பொத்தானை அழுத்திவிட்டு முகம் கழுவப் போய்விடுவாள். திரும்பி வரும்போது, "போதும் மாமா" என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். சிட்டுவோ மெஷின் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கண்ணாடியிடம் சொல்லுவாள். "கிட்டப் போகாதடி" என்று இவள் கத்துவாள். யார் கேட்டார்கள்?

என் தோழி மட்டும் போனில் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "செத்தவங்களை வச்சு வேலை வாங்காதே. அவங்களுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிட்டுவுக்குத் தாத்தாவைப் பார்க்க வேண்டும் போலத் தோன்றியிருக்கிறது. பால் டம்ளரை மெஷினுக்குள் வைத்தாள். கலக்கின கரண்டி உள்ளேயே இருந்தது... எவர்சில்வர் கரண்டி. பொத்தானை அழுத்திவிட்டாள்.

சட்... சட்... சட்...

மொட்டைமாடிவரை கேட்டது. இவள் படியிறங்கி ஓடி வந்தாள். மெஷினுக்குள் நீலமும் வெள்ளையுமாகப் பொறி. கருகின நாற்றம். சிட்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அம்மா, பட்டாசு!" என்று கை தட்டினாள். இவள் பிள்ளையை இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

திறக்கவில்லை.

கொக்கி உடைந்த கதவு. விரலால் தொட்டாலே திறந்துகொள்கிற கதவு. இரண்டு கையாலும் இழுத்தாள், காலை மேடையில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். ம்ஹூம். உள்ளே பொறி பறக்கிறது, கதவு இம்மியும் அசையவில்லை. கடைசியில் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள். எல்லாம் அடங்கிய பிறகு, கதவு நிதானமாகத் தானே திறந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெறும் சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். "என்ன மாமா பண்றீங்க? உங்க பேத்தி முகம் வெந்திருக்கும்! ஓடற மெஷினை நிறுத்தத் தெரியாதவருக்கு எதுக்குக் கதவு? கையை எடுங்க! இனிமே இதைத் தொடாதீங்க!"

சத்தம் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பாலிஷ் வாசனை உடனே போகவில்லை. திட்டு வாங்கினவர் வாசற்படியில் தயங்கி நிற்பாரே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது.

மறுநாளே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போனாள். கதவு தருகிற வரைக்கும் நகரமாட்டேன் என்று கவுண்டரில் உட்கார்ந்துவிட்டாள். அவர்களுக்கும் வேறு வழி இல்லை. எங்கேயோ ஒரு கிளையில் தூசி படிந்து கிடந்த கதவைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். கூடவே ஒரு மெக்கானிக். அவனுக்கு அன்று போக வேண்டிய வீடுகள் இன்னும் பாக்கி, வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

கழற்றின பழைய கதவைத் திருப்பிப் பார்த்து முணுமுணுத்தான். "இந்த மூலையைப் பாருங்க, வழவழன்னு தேஞ்சே போயிருக்கு. இவ்வளவு நாளா யாருங்க அழுத்திப் பிடிச்சது?"

"அதெல்லாம் எதுக்கு? மாத்திக் குடுங்க."

உள்ளே ஸ்விட்சையும் பார்க்க வேண்டும் என்று பின்மூடியைக் கழற்றினான். சிட்டு எட்டிப் பார்க்க, ஓர் அதட்டுப் போட்டான்.

"ப்ளக்கைத்தான் பிடுங்கியாச்சே," என்றாள் இவள்.

"பிடுங்கினா மட்டும் பத்தாதும்மா. உள்ள கரண்ட் தங்கியிருக்கும். அதை எடுத்துவிட்டாத்தான் போகும். தெரியாம கை வச்சா ஆளையே அடிச்சுடும்."

இவள் சிட்டுவை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். புதுக் கதவை மாட்டினான். மூடினான். "டக்." அவ்வளவு சுத்தமான சத்தம். கை வைக்க வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பழைய கதவைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். மெஷின் ஒழுங்காக ஓடியது. பாலிஷ் வாசனை இல்லை. சிட்டு மட்டும் அன்றைக்குச் சாப்பிடாமல் தூங்கினாள்.

கதை முடிந்தது என்றுதான் இவள் நினைத்தாள்.

முதலில் ஃப்ரிட்ஜ். ஒருநாள் காலையில் இழுக்கிறாள், திறக்கவில்லை. அப்புறம் திறந்தது. ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்தது துணி அலமாரி. அதற்கடுத்தது குளியலறை... தலையில் சோப்போடு உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினாள். தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. கதவைத் தள்ளினால் கொஞ்சம் போகும். அப்புறம்... மெல்லத் திரும்பி வரும். பூட்டின கதவு அப்படித் திருப்பித் தள்ளாது. அந்தப் பக்கம் ஆள் நின்றால்தான் அப்படி வரும்.

கப்பலில் இருந்த கணவனிடம் சொன்னாள். "மழைக்கு மரம் உப்பியிருக்கும், தச்சனைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லு," என்றான் அந்தப் புத்திசாலி.

"ஃப்ரிட்ஜையும் இழைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

என் தோழி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். "கடைல லீவு சொல்லிட்டு வர்றேன் அண்ணி, ரெண்டு நாள் பொறுங்க," என்றாள் இவள். பொறுத்திருக்கக் கூடாது. என் தோழி இன்னமும் அதைச் சொல்லித்தான் அழுகிறாள்.

மறுநாள் நல்ல மழை. பள்ளி வேன் வழியில் நின்றுவிட்டது. சிட்டு தெப்பலாக நனைந்து வந்தாள். இவளும் அன்று சீக்கிரம் வந்திருந்தாள். பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"குளிருதும்மா... ரொம்பக் குளிருது..."

"ரூமுக்குப் போய் ஈரத் துணியை அவுருடா கண்ணு. அம்மா பால் சூடு பண்ணி எடுத்துட்டு வர்றேன்."

டம்ளரை மெஷினுக்குள் வைத்தாள். கதவு மூடியது. டக். பொத்தானை அழுத்தினாள். ஓடவில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே விளக்கு எரியவில்லை, தட்டு சுற்றவில்லை. புதுக் கதவு, புதுக் கொக்கி, இதற்குத்தானே இத்தனை பாடு என்று மேடையைக் கையால் ஓங்கி அடித்தாள்.

அப்போது கேட்டது.

ம்ம்ம்ம்ம்...

மெஷினிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து... அறையிலிருந்து.

திரும்பினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம். அந்த அறையில் மஞ்சள் விளக்கே கிடையாது. அந்த வெளிச்சத்தில் சிட்டுவின் நிழல் தெரிந்தது. நிழல் திரும்பியது... மெதுவாக... மறுபடி திரும்பியது. ஒரே வேகத்தில், ஒரே பக்கமாக. நின்ற இடத்திலேயே.

ஒரே பாய்ச்சலாக ஓடினாள். கதவில் மோதினாள். கொஞ்சம் போனது. மெல்லத் திரும்பி வந்தது. பித்தளை பாலிஷ் நெடி... மூச்சு முட்டியது.

"சிட்டு! சிட்டு! வெளிய வாடி! மாமா, விடுங்க! அவ குழந்தை மாமா! கையை எடுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

உள்ளேயிருந்து சிட்டுவின் குரல். பயமே இல்லை அந்தக் குரலில்.

"தள்ளாதம்மா. தாத்தாவுக்குக் கை வலிக்குதாம்."

தோளால் இடித்தாள், காலால் உதைத்தாள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஊரெல்லாம் மழை; யாருக்குக் கேட்கும்? அந்த உறுமல் நிற்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று அவளால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

சட்டென்று அடங்கியது. வெளிச்சம் அணைந்தது. கதவு தானாகத் திறந்தது.

அறை நடுவில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி காய்ந்து பறந்தது. ஈரத் துணியை அவள் அவிழ்க்கவே இல்லை. அது மேலேயே காய்ந்து மொடமொடவென்று இருந்தது. தோளிலிருந்து லேசாக ஆவி போய்க்கொண்டிருந்தது. சிரித்தாள். இவள் பாய்ந்து போய் வாரி எடுத்தாள். பிள்ளையின் கை சுட்டது. காது சுட்டது. கன்னத்தோடு கன்னம் வைத்தால் அடுப்புப் பக்கம் போன மாதிரி. பயந்துபோய்ச் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

நெஞ்சு... சில்லென்று இருந்தது. ஐஸ் கட்டி.

பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். செருப்புப் போடவில்லை, பை எடுக்கவில்லை. பிள்ளையை இந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டால் போதும். தாழ்ப்பாளை எடுத்தாள். கைப்பிடியைத் திருப்பித் தள்ளினாள். வாசல் கதவு கொஞ்சம் போனது...

மெல்லத் திரும்பி வந்தது.

சிட்டு அவள் காதோரம் வாயை வைத்து, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"என்னை இறக்கி விடும்மா. நடுவுல இன்னும் சூடாகலையாம். இன்னொரு தடவை வைக்கணுமாம்."